கம்பி போன வழி

வைகை அணைக்குப் போகாத மாணவர் நம் கல்லூரியில் உண்டா? வகுப்பைக் கட் அடித்துவிட்டுப் போனவர்களும் உண்டு. பேராசிரியரோடு முறையாகப் பஸ் பிடித்துப் போனவர்களும் உண்டு. பூங்காவைச் சுற்றுவோம், பொரித்த மீன் வாங்கித் தின்போம், சாயங்காலம் திரும்பிவிடுவோம்.

இப்போது போகிறவர்கள் அணையின் காலடியில் இருக்கும் சிறிய மின் நிலையத்தையும் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். எங்கள் காலத்தில் அது இல்லை. அணையைக் காமராஜர் திறந்து வைத்தது 1959 ஜனவரி 21-இல். மின் நிலையம் வந்தது 1990-இல். தலா 3 மெகாவாட் வீதம் இரண்டு இயந்திரங்கள், மொத்தம் 6 மெகாவாட். இன்றைய 2 மெகாவாட் காற்றாலை மூன்று சேர்ந்தால் அந்த அளவு வந்துவிடும். ஆனாலும் 31 வருஷம் அந்தத் தண்ணீர் சும்மா விழுந்துகொண்டிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

மலர்க் குழுவினர் என்னிடம் மலரும் நினைவுகள் கேட்டார்கள். எனக்கு நினைவு என்றாலே கரண்டுதான். ஆகவே நம் பள்ளத்தாக்கில் மின்சாரம் வந்த கதையை எழுதுகிறேன்.

தண்ணீர் இருந்தது, உரிமை இல்லை

பென்னிகுக் கட்டிய பெரியாறு அணை 1895-இல் பயன்பாட்டுக்கு வந்தது. மேற்கே ஓடிய தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே திரும்பி, ஆயிரம் அடிக்கு மேல் சரிந்து நம் பள்ளத்தாக்கில் இறங்கியது. அந்த வேகத்தில் மின்சாரம் எடுக்கலாம் என்று சென்னை மாகாண அரசு நினைத்தபோது திருவிதாங்கூர் மறித்தது. 1886-ஆம் வருஷத்துக் குத்தகை 999 ஆண்டுகளுக்குத்தான், ஆனால் அது பாசனத்துக்கு மட்டுமே என்றது. வழக்கு நடுவரிடம் போனது. 1941-இல் நடுவர் நளினி ரஞ்சன் சாட்டர்ஜி திருவிதாங்கூர் பக்கமே தீர்ப்புச் சொன்னார்: தண்ணீரைப் பாய்ச்சிக்கொள்ளலாம், மின்சாரம் எடுக்க உரிமை கிடையாது.

இதற்குள் நீலகிரியில் பைக்காரா, சேலம் பக்கம் மேட்டூர் என்று மாகாணத்தின் மற்ற இடங்களில் நீர்மின் நிலையங்கள் ஓடத் தொடங்கிவிட்டன. நம் பள்ளத்தாக்கு மட்டும் சுதந்திரம் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1954-இல் இரு அரசுகளுக்கும் இடையே இணக்கம் ஏற்பட்டு, லோயர் கேம்ப்பில் வேலை தொடங்கியது. 1958-இல் முதல் இயந்திரங்கள் சுழன்றன. 1965-க்குள் தலா 35 மெகாவாட் வீதம் நான்கு இயந்திரங்கள், 140 மெகாவாட் ஆயிற்று.

குமுளிச் சாலையில் ஏறும்போது மலைமேல் தெரியும் ராட்சதக் குழாய்கள் அந்த நிலையத்துக்குத் தண்ணீர் இறக்குபவை. மின்சாரம் எடுப்பதால் ஒரு சொட்டும் குறைவதில்லை. சக்கரத்தைச் சுற்றிவிட்டு அதே தண்ணீர்தான் வயலுக்குப் போகிறது. நிலையம் ஓடாத நாட்களில் அது இரைச்சல் பாலம் வழியாக வெறுமனே இறங்குவதை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

ஒரு வேடிக்கை: இதற்கான முறையான ஒப்பந்தம் கையெழுத்தானது 1970 மே 29-இல்தான். ஏக்கருக்கு 5 ரூபாயாக இருந்த குத்தகை 30 ரூபாய் ஆனது. மின்சாரத்துக்குத் தனியே ஒரு கட்டணமும் கேரளத்துக்கு உண்டு. கையெழுத்துக்கு முன்பே 12 வருஷம் கரண்டு ஓடிவிட்டது!

மோட்டார் ரூம்

இனி என் கதை. கம்பம் பள்ளத்தாக்கில் ஆற்றுப்பாசனம் எட்டாத ஒரு சிறு கிராமம் எங்களுடையது. 1963-இல் எங்கள் அப்பா கிணற்றுக்கு மோட்டார் வைத்தார். அதுவரை கமலைதான், இரண்டு ஜோடி மாடு. சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் கொட்டியபோது ஊரே வந்து நின்று பார்த்தது.

மோட்டார் ரூமில் ஒரு 40 வாட் பல்பு. காலனித் தெருவிலிருந்து என் வகுப்புத் தோழன் ஒருவன் ராத்திரி அங்கே வந்து படிப்பான். பெயரைப் போடாதே என்று சொல்லியிருக்கிறான், போடவில்லை. அவன் வீட்டில் சிம்னி விளக்கு. மோட்டார் போடுகிற இரைச்சலில் சத்தம் போட்டுப் பாடம் படித்து, 1967-இல் எஸ்.எஸ்.எல்.சி.யில் என்னைவிட அதிக மார்க் வாங்கினான். இரண்டு பேரும் நம் கல்லூரியில் சேர்ந்தோம்.

அந்த நாளில் அரசுக் கணக்கில் எங்கள் ஊர் மின்வசதி பெற்ற கிராமம். ஊரின் வருவாய் எல்லைக்குள் எந்தக் காரியத்துக்காவது மின்சாரம் பயன்பட்டால் போதும், ஊரே மின்வசதி பெற்றதாகிவிடும். 1997 வரை நாடு முழுக்க இதுதான் கணக்கு. எங்கள் அப்பாவின் ஒரே ஒரு மோட்டார் ஊரையே கணக்கில் வெளிச்சமாக்கிவிட்டது. பிறகு நூற்றுக்குப் பத்து வீட்டிலாவது இணைப்பு இருக்க வேண்டும் என்று திருத்தினார்கள். அப்படியும் மீதித் தொண்ணூறு வீடு இருட்டில் இருக்கலாம்.

லோயர் கேம்ப் பயணம்

1969-இல் இயற்பியல் மாணவர்களை லோயர் கேம்ப்புக்கு அழைத்துப் போனார்கள். இயந்திரங்களைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்து நின்றோம். என் நண்பன் மட்டும் அங்கிருந்த ஒரு பொறியாளரிடம் கேட்டான்:

"சார், இந்தக் கம்பி எங்க ஊருக்கு மேலதான் போகுது. எங்க தெருவுக்கு எப்ப சார் கரண்டு வரும்?"

அவர் சிரிக்கவில்லை. பொறுமையாகவே சொன்னார்: "தம்பி, இது உயர் அழுத்த லைன். இதிலேருந்து நேரா வீட்டுக்கு இழுக்க முடியாது. சப் ஸ்டேஷன்ல குறைச்சு, உங்க ஊர் டிரான்ஸ்பார்மர்ல இன்னும் குறைச்சு, அப்புறம் கம்பம் நட்டுக் கொண்டுவரணும். கம்பம் நட இடம் இருக்கா?"

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். காலனித் தெருவுக்கு லைன் போக வேண்டுமானால் எங்கள் வயலில் இரண்டு கம்பம் நட வேண்டும். அப்பா சம்மதிக்கவில்லை. "உழவுக்கு இடைஞ்சல்" என்றார். அது மட்டும் காரணமல்ல என்பது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். அன்று பஸ்ஸில் நண்பன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அந்த இரண்டு கம்பம் 1975-இல்தான் நடப்பட்டது. அப்பா காலமான பிறகு நான்தான் கையெழுத்துப் போட்டேன். தெருவிளக்கு எரிந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் குடிசைக்கு ஒரு விளக்கு என்று வந்த பிறகு நண்பனின் அம்மா வீட்டிலும் பல்பு எரிந்தது. 140 மெகாவாட் மலையிலிருந்து மதுரை வரை போய்ச் சேர்ந்துவிட்டது. பக்கத்துத் தெருவுக்கு வர இத்தனை வருஷம்.

மோட்டாருக்கும் ஒரு பின்கதை உண்டு. 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. நன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் எல்லோரும் ஆழ ஆழ போர் போட்டோம். எங்கள் கிணறு இன்று வறண்டு கிடக்கிறது.

காற்றும் வெயிலும்

இன்று நம் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் என்று தமிழ்நாட்டுக்குக் காற்று நுழையும் கணவாய்கள் நான்கு. அதில் ஒன்று நம்முடையது. லோயர் கேம்ப் நிலையம் பாசனத்துக்குத் தண்ணீர் திறந்தால்தான் ஓடும். காற்றாலைக்கோ தென்மேற்குப் பருவம்தான் அறுவடை. மற்ற மாதங்களுக்கு வெயில் இருக்கிறது. வைகை போய்ச் சேரும் ராமநாதபுரம் மாவட்டத்தில், கமுதியில், 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. நீர், காற்று, வெயில் மூன்றும் ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது.

ஆனால் 2012-ஐ மறந்துவிட முடியுமா? சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. காற்று நன்றாக வீசும் நாட்களில் எடுத்துச்செல்லக் கம்பி போதாமல் காற்றாலைகளை நிறுத்தி வைத்ததும் நடந்திருக்கிறது. அன்றைக்குப் பொறியாளர் சொன்ன அதே விஷயம்தான்.

2018 ஏப்ரல் 28-இல் மணிப்பூரின் லைசாங் கிராமத்துக்கு இணைப்புக் கிடைத்ததோடு நாட்டின் எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் வந்துவிட்டதாக அறிவித்தார்கள். பெரிய சாதனைதான். ஆனாலும் உலகில் இன்னும் 60 கோடிக்கும் மேற்பட்டோர் வீட்டில் விளக்கில்லை, பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில். அவர்களுடைய ஊரும் ஏதோ ஒரு மோட்டாரை வைத்து யாரோ ஒருவருடைய கணக்கில் வெளிச்சமாக இருக்கலாம்.

போன மாதம் நண்பனிடம் மாடியில் சோலார் போடும் மானியத்தைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். "மாடி இருக்கிறவனுக்குச் சரிப்பா. வாடகை வீட்டுக்காரன் எங்கே போவான்?" என்றான். அவன் ஓய்வு பெற்ற ஆசிரியர். கேள்வி கேட்பதை மட்டும் விடவில்லை.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, உங்களில் சிலர் மின்துறைக்குப் போவீர்கள். எத்தனை மெகாவாட் என்று யார் சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள். அதோடு கடைசிக் கம்பம் எங்கே நிற்கிறது, யார் வயலில் நின்றுபோனது என்றும் கேளுங்கள். எனக்கு அதைக் கேட்க ஆறு வருஷம் ஆயிற்று.

நண்பன் இந்த ஆண்டு சந்திப்புக்கு வருகிறான். இரண்டு பேரும் வைகை அணைக்குப் போவதாக இருக்கிறோம். அந்தச் சின்ன மின் நிலையத்தை அவன் இன்னும் பார்த்ததில்லையாம்.