சூப்பர்சார்ஜர் (மலைப்பாதைக் கார்களில்)

சூப்பர்சார்ஜர் என்பது, எஞ்சினின் கிராங்க் தண்டிலிருந்து பெல்ட் வழியாக விசை பெற்று, சிலிண்டர்கள் தாமாக உறிஞ்சக்கூடிய அளவுக்கும் மிகுதியான காற்றை அவற்றுக்குள் அழுத்தி அனுப்பும் கருவியாகும். காற்று கூடினால் அதற்கேற்பக் கூடுதல் எரிபொருளையும் எரிக்க இயலும் என்பதால், எஞ்சினின் கொள்ளளவைப் பெருக்காமலேயே முறுக்குவிசை உயர்கிறது. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் பாதை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. மேலே உள்ள ஊர்கள் பெரும்பாலும் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளன. குறைந்த வேகத்தில் இழுவை, மெலிந்த காற்று, வெப்பம் ஆகிய மூன்றும் ஒரே பாதையில் எஞ்சினைச் சோதிப்பதால், இக்கருவியின் தன்மைகளை விளக்க இம்மலை பொருத்தமான களமாகிறது.

இக்கருவியின் தோற்றம் மோட்டார் காருக்கும் முற்பட்டது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துக் கானர்ஸ்வில் நகரில் கம்பளி ஆலை நடத்திவந்த பிலாண்டர், பிரான்சிஸ் ரூட்ஸ் சகோதரர்கள், ஆலைக்கு நல்லதொரு நீர்ச்சக்கரம் செய்ய முயன்றபோது, ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிராகச் சுழலும் இரு மடல்களைக் கொண்ட பொறி நீரைவிடக் காற்றையே நன்கு தள்ளுவதைக் கண்டு, 1860இல் அதற்குக் காப்புரிமை பெற்றனர். உலைக்களங்களுக்குக் காற்றூதவும் சுரங்கங்களுக்குள் காற்றோட்டம் தரவும் பயன்பட்ட இப்பொறி, 1870இல் நியூயார்க் நகரில் நிலத்தடிக் குழாய்க்குள் பயணிகள் வண்டியைக் காற்றால் நகர்த்திய சோதனைக்கும் உதவியது. இன்றும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களின் தொட்டிகளில் காற்றூட்டுவதில் ரூட்ஸ் ஊதிகளுக்குப் பங்குண்டு. பந்தயக் காரின் பெருமைக்குரிய உறுப்பும் கழிவுநீர்த் தொட்டியின் ஊதியும் ஒரே குடும்பத்தவை என்பது கார் ஆர்வலர்கள் அதிகம் பேச விரும்பாத செய்தி.

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் எண்ணத்தை காட்லீப் டைம்லர் 1885 அளவிலேயே காப்புரிமையில் குறித்திருந்தாலும், அது சாலைக் கார்களை அடைய முதல் உலகப் போர் முடியவேண்டியிருந்தது. 1921இல் பெர்லின் கண்காட்சியில் டைம்லர் நிறுவனம் காட்டிய மெர்சிடிஸ் 6/25/40 என்னும் காரின் பெயரிலுள்ள மூன்று எண்களில் முதலாவது வரிவிதிப்புக்குரிய குதிரைத்திறனையும், இரண்டாவது ஊதி இயங்காதபோது கிடைக்கும் திறனையும், மூன்றாவது ஊதி இயங்கும்போது கிடைக்கும் திறனையும் குறித்தன. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தால் மட்டுமே கிளட்ச் ஒன்று ஊதியை எஞ்சினோடு இணைக்கும். 1923இல் மோன்ஸா நகரில் நடந்த இத்தாலிய கிராண்ட் பிரீ பந்தயத்தில் ஃபியட் 805 வென்றது, இக்கருவி பொருத்திய காருக்குக் கிடைத்த முதல் கிராண்ட் பிரீ வெற்றியாகும். புகழால் அதையும் விஞ்சியது, ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் வடிவமைத்த ஊதியோடு 1929இல் வந்த பென்ட்லி நாலரை லிட்டர் காராகும்; ஆனால் நிறுவனரான டபிள்யூ. ஓ. பென்ட்லி இதை விரும்பவில்லை, காரும் லே மான் பந்தயத்தில் ஒருமுறைகூட வெல்லவில்லை.

மலையேற்றத்துக்கு நேரடித் தொடர்புடைய சோதனை 1918இல் நடந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்ட் மாஸ், லிபர்ட்டி விமான எஞ்சினைக் கொலராடோவின் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் உச்சிக்கு லாரியில் ஏற்றிச்சென்று இயக்கினார். தரைமட்டத்தில் 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின் உச்சியில் 230 மட்டுமே தந்தது. புகைபோக்கி வாயுவால் சுழலும் அழுத்தியைப் பொருத்தியதும் 356 ஆக உயர்ந்தது. இவ்வகை அழுத்தியே பின்னர் டர்போ என்னும் சுருக்கப்பெயரில் தனிக்கிளையாக வளர்ந்தது.

சூப்பர்சார்ஜர்கள் பெரும்பாலும் மூவகைப்படும். ரூட்ஸ் வகை காற்றைத் தனக்குள் அழுத்துவதில்லை. அள்ளித் தள்ளுவதை மட்டுமே செய்ய, நெரிசல் எஞ்சினின் உள்வாயிலில் ஏற்படுகிறது. இரட்டைத் திருகு வகை, ஆண் பெண் எனப்படும் இரு திருகுகளுக்கிடையே காற்றைச் சிக்கவைத்துக் கருவிக்குள்ளேயே சுருக்குவதால் வெப்பம் குறைவு. சுவீடன் பொறியாளர் ஆல்ஃப் லைஸ்ஹோல்ம் 1930களில் உருவாக்கிய இக்கோட்பாடே, கொல்லிமலைக்கு அண்மையிலுள்ள திருச்செங்கோட்டிலிருந்து நாடெங்கும் செல்லும் ஆழ்துளைக் கிணறு ரிக் வண்டிகளின் கம்ப்ரசர்களிலும் இயங்குகிறது. மூன்றாவதான மையவிலக்கு வகையில், அதிவேகமாகச் சுழலும் விசிறிச் சக்கரத்தின் வேகத்தோடு அழுத்தமும் உயர்வதால், எஞ்சின் சுற்று குறைந்திருக்கும் வளைவுகளில் பயன் சிறிது. டர்போவும் புகைபோக்கி வாயு திரளும்வரை காத்திருக்கவேண்டியது. முதல், இரண்டாம் கியர்களிலேயே மாறிமாறி ஏறவேண்டிய கொல்லிமலைப் பாதைக்கு, மிதித்த கணமே காற்றுத் தரும் முதலிரு வகைகளே உரியவை.

பொருத்துதலில் முதற்கணக்கு புல்லி விகிதமாகும். 1,197 கன சென்டிமீட்டர் நான்கு வீச்சு எஞ்சின், கிராங்க் ஒருமுறை சுழலும்போது ஏறத்தாழ 600 கன சென்டிமீட்டர் காற்றை ஏற்கும். ஒரு சுழற்சிக்கு 500 கன சென்டிமீட்டர் தள்ளும் சிறு அழுத்தியை 1.8 மடங்கு வேகத்தில் சுழற்றினால் 900 கன சென்டிமீட்டர் கிடைக்கும். அதாவது அழுத்தம் ஒன்றரை மடங்கை நெருங்கும். ஆனால் 35 பாகை செல்சியசில் நுழையும் காற்று, 60 விழுக்காட்டுச் செயல்திறனுள்ள அழுத்தியில் அவ்வளவு சுருங்கும்போது 100 பாகையை நெருங்கிவிடும். இச்சூட்டைத் தணிக்க இன்டர்கூலரும், கூடுதல் எரிபொருளுக்குப் பெரிய இன்ஜெக்டர்களும், வளிமண்டல அழுத்தத்துக்கு மேலும் அளக்கவல்ல அழுத்த உணரியும், மாற்றி எழுதத்தக்க ஈ.சி.யூ. எனப்படும் மின்னணுக் கட்டுப்பாட்டகமும் தேவைப்படுகின்றன. பெல்ட்டின் இழுப்பும் புல்லிகளின் நேர்கோடும் பிசகினால் பெல்ட் நழுவும் என்பதால், தாங்கு சட்டத்தை உறுதியாக அமைப்பதே இவ்வேலையில் கைத்திறன் மிகுதியும் கோருவது.

ஈ.சி.யூ.வை மாற்றி எழுதும் டியூனிங் வேலைக்குத் துணையாகும் டைனமோமீட்டர், சுருக்கமாக டைனோ, உருளைகள்மீது சக்கரங்களை ஓடவிட்டு முறுக்குவிசையை அளக்கும் பொறியாகும். உருளையின் நிறையை முடுக்கும் வேகத்திலிருந்து திறனைக் கணக்கிடும் வகை எளியது. சுழல்மின்னோட்ட பிரேக்கால் எஞ்சினை ஒரே சுற்றுவேகத்தில் நிலைநிறுத்தும் வகையே டியூனிங்குக்கு ஏற்றது, ஏனெனில் சுற்று, அழுத்தம் என்னும் இரண்டையும் அச்சுகளாகக் கொண்ட ஈ.சி.யூ. அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்தையும் அதில் தனித்தனியே திருத்தலாம். புகைபோக்கியில் செருகிய அகலப்பட்டை ஆக்சிஜன் உணரி, கலவையை, சரிநிலையை 1 எனக் கொண்ட லாம்டா என்னும் விகிதத்தில் காட்டுகிறது; முழு அழுத்தத்தில் 0.80 முதல் 0.85 வரை வைப்பது வழக்கம். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சரிநிலைக் காற்று–எரிபொருள் விகிதம் 14.7 அன்று, ஏறத்தாழ 13.5 என்பதால் லாம்டாவில் கணக்கிடுவதே பிழையற்றது. இக்னீஷன் டைமிங்கை முதலில் பின்தள்ளி வைத்து, ஒவ்வொரு பாகையாக முன்நகர்த்தி, முறுக்குவிசை உயர்வது நின்றாலோ நாக்கிங் எனப்படும் தட்டல் ஒலி கேட்டாலோ ஓரிரு பாகை பின்வாங்குவர்.

சமவெளியில் டைனோவில் எழுதிய அட்டவணை மலையில் அப்படியே பொருந்துவதில்லை. எடுத்துக்காட்டாக, டைனோ ஓட்டம் கோயம்புத்தூரில் நடந்தால், அவ்வூர் ஏறத்தாழ 410 மீட்டர் உயரத்தில்தான் உள்ளது. கொல்லிமலையில் 1,200 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்து 101 கிலோபாஸ்கலிலிருந்து 88 அளவுக்குத் தாழ்கிறது. பெல்ட்டால் சுழலும் அழுத்தி இருக்கும் காற்றைப் பெருக்குமேயன்றி, குறைந்ததை ஈடுகட்டாது. ஒன்றரை மடங்கு என்பது அங்கே 132 கிலோபாஸ்கலாகவே நிற்கும். உள்வாயில் அழுத்தத்தை நேரடியாக அளக்கும் அமைப்பு இதைத் தானே உணரும்; திராட்டில் திறப்பை மட்டும் நம்பும் அமைப்பில் கலவையில் எரிபொருள் மிகுந்துவிடும். இதைவிடப் பெரிய இடர் வெப்பமாகும். டைனோவில் ஒரு முழு ஓட்டம் சில நொடிகளில் முடிந்து, மின்விசிறியும் எதிரே வீசிக்கொண்டிருக்க, மலையிலோ எஞ்சின் நெடுநேரம் சுமையோடு இயங்கும்போது கார் ஊர்வதால் இன்டர்கூலருக்குக் காற்று கிடைப்பதில்லை. ஆகவே உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம் ஏறஏற டைமிங்கைக் குறைக்கும் தனி அட்டவணை இன்றியமையாதது.

தமிழகத்தின் டியூனிங் மரபு, சோழவரம் விமான ஓடுதளப் பந்தயங்களிலும், 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் 1990ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும், கோயம்புத்தூரில் பந்தயக் கார் வடிவமைப்பாளர் எஸ். கரிவரதன் வழிவந்த பட்டறைகளிலும் வளர்ந்தது. அது பெரும்பாலும் கார்ப்புரேட்டரையும் கேம் தண்டையும் செதுக்கிய மரபேயாகும்.

இத்தகைய மாற்றங்களுக்குச் சட்டத் தடையும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின் 182ஏ பிரிவு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. தற்போது தயாரிப்பாளர்களே டர்போ பெட்ரோல் கார்களை விற்பதால், சூப்பர்சார்ஜர் பொருத்துவோர் சிலரே.