லண்டனில் தெரியாத விண்மீன்: ரகுநாதாச்சாரியும் 14 டிகிரியும்

1867ல் மதராஸ் வானாய்வகத்தின் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஆர் ரெட்டிகுலி என்ற ஒளிமாறும் விண்மீனைக் கண்டுபிடித்தார். இந்தியர் ஒருவர் கண்ட முதல் ஒளிமாறும் விண்மீன் என்று இதைப் பல இடங்களில் படித்திருப்பீர்கள். அது வானத்தில் எங்கே இருக்கிறது என்பதைத்தான் பெரும்பாலும் சொல்றதில்லை.

வான நடுவரைக்குத் தெற்கே 63 டிகிரியில், ரெட்டிகுலம் என்ற சின்ன மண்டலத்தில் இருக்கிறது. தென்வான விண்மீன் ஒன்று நம் ஊரில் அதிகபட்சம் எவ்வளவு உயரும்? ஒரு வரிக் கணக்குதான். 90லிருந்து ஊரின் அட்சரேகையையும் விண்மீனின் தெற்கு டிகிரியையும் கழிக்க வேண்டும். சென்னைக்கு 90 - 13 - 63 = 14. டெல்லிக்குப் போட்டால் மைனஸ் 2 அளவில் வரும். தொடுவானத்துக்கு மேலே எழும்பவே எழும்பாது. லண்டனுக்கு மைனஸ் 24! ஐரோப்பாவிலிருந்து தெரியாத வானம் என்பதால்தான் பிரெஞ்சுக்காரர் லக்காய் 1751ல் நன்னம்பிக்கை முனைக்கே போனார். இந்த மண்டலத்தை வகுத்தவரும் அவரே. தொலைநோக்கிக் கண்ணாடியில் இருக்கும் கம்பிவலைதான் ரெட்டிகுலம். புராணக் கதையெல்லாம் கிடையாது.

அப்போ இது வெறும் அட்சரேகை அதிர்ஷ்டமா? நான் ஒத்துக்க மாட்டேன். 1830 முதல் 1848 வரை அதே நுங்கம்பாக்கத்தில் இயக்குநராக இருந்த டெய்லர், 11,015 விண்மீன்களின் பட்டியலை 1844ல் வெளியிட்டார். அந்த 14 டிகிரி அவருக்கும் இருந்தது. ஆர் ரெட்டிகுலி சுமார் ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை பிரகாசமாகி மங்கும். மங்கினால் சின்னத் தொலைநோக்கியில் காணாமலே போய்விடும். ஒருதடவை பார்த்து இடத்தைக் குறித்துவிட்டு நகர்ந்தால் இது மாட்டாது. திரும்பத் திரும்ப அதே இடத்தைப் பார்த்து, முன்பு எழுதிய குறிப்போடு ஒப்பிட ஓர் ஆள் வேணும். (நம்ம பாஷையில் லாக் பார்க்கிற வேலை.) 1872ல் லண்டனின் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. அந்த விண்மீனை அந்த ஊரிலிருந்து பார்க்கவே முடியாது என்பது தனி வேடிக்கை.

பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு: ஜனவரி நடுவில், இரவு ஒன்பது மணி. கொட்டிவாக்கம் மொட்டைமாடியில் தெற்கே திரும்பினால் அகத்திய விண்மீன் பளிச்சென்று தெரியும். அதற்கு வலப்பக்கம், இன்னும் தாழ்வாக, நீட்டிய கையின் ஒன்றரை முஷ்டி உயரத்தில் ரெட்டிகுலம். எங்களுக்குப் பாலவாக்கம், நீலாங்கரை வெளிச்சம் சரியாக அங்கேதான் நிற்கிறது. வெறும் கண்ணுக்கு எட்டாது, பைனாகுலர் வேண்டும். அந்த மாதம் விண்மீன் உச்சத்தில் இருக்குமா என்று முதலில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்பது மாதச் சுழற்சி, எல்லா ஜனவரியும் அமையாது.