இச்சாப்பூரின் இரு துப்பாக்கிகள்

பழகிய கருவியைத் திருத்திக்கொள்வதா, புதியதை மேற்கொள்வதா? இக்கேள்விக்குக் கொல்கத்தாவின் வடக்கே, ஹூக்ளி நதிக்கரையிலுள்ள இச்சாப்பூர் இருவிதமாக விடை தந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனியார் வெடிமருந்து செய்துவந்த அவ்வூரில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துப்பாக்கித் தொழிற்சாலை அமைந்தது. நெடுங்காலம் அங்கே உருவானது '303' எனப்படும் லீ-என்ஃபீல்டு துப்பாக்கி. ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் கையால் தாழை இழுத்துத் தள்ளினாலன்றி அடுத்த தோட்டா ஏறாது.

1962-ஆம் ஆண்டு இமயப் பனியில் நம் வீரர் பலர் இதனையே ஏந்தி நின்றனர். எதிரே இருந்தோரிடம் தாமே தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகள் இருந்தன.

அதன்பின் இச்சாப்பூர் இரண்டையுமே செய்தது. இருபது தோட்டாக்கள் கொள்ளும் எஸ்.எல்.ஆர். துப்பாக்கி, தானே தோட்டா ஏற்றிக்கொண்டது. ராணுவத்தின் முதன்மை ஆயுதமாயிற்று. மற்றொன்றான 2ஏ, 303-இன் வடிவிலேயே, உறுதி மிக்க எஃகினால் ஆனது. பன்னிரண்டு தோட்டாக்கள் கொள்ளும் அது, எஸ்.எல்.ஆருக்குரிய அதே 7.62 மில்லிமீட்டர் தோட்டாவை ஏற்றது. பழகிய கைக்குப் பயிற்சி எளிது. இரண்டுக்கும் தோட்டா ஒன்றே.

நம் திருச்சிராப்பள்ளியிலும் 1966-இல் துப்பாக்கித் தொழிற்சாலை தொடங்கியது.

ஆயினும் 303 காவலர் கையினின்று எளிதில் நீங்கவில்லை. 2008 நவம்பரில், மும்பை ரயில் நிலையத்தில் தானியங்கித் துப்பாக்கிகளோடு வந்த கொலைஞரை எதிர்த்தபோதும் அதுவே துணையாயிற்று. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாளில்தான் அதற்கு விடைகொடுத்தது.

பழமையைப் போற்றுவோம், அதன் இடம் அருங்காட்சியகமாகட்டும். காவலுக்கு நிற்போன் கையில் காலத்திற்கேற்ற கருவியைத் தருவதே நாம் அவனுக்குச் செலுத்தும் கடன்.