நேற்றைய ரொட்டி

ஒருமுறை சுட்ட ரொட்டியை மறுபடியும் ஏன் சுட வேண்டும்? சுவைக்காக என்று ஒற்றைச் சொல்லில் விடை கூறிவிடலாம். வரலாறு கூறும் விடை சற்று வேறானது. ரொட்டி பழையதாகிவிட்டது, எறிய மனமில்லை. மிஞ்சிய சோற்றில் நீரூற்றி மறுநாள் பழையதாக்கி உண்ட நம் முன்னோரின் சிக்கனமே, ஐரோப்பியச் சமையலறைகளில் கணப்பின் முன்னால் ரொட்டித் துண்டாக வாட்டப்பட்டது.

'டோஸ்ட்' என்னும் சொல்லின் வேர் லத்தீன் மொழியில் உள்ளது. வெப்பத்தால் வறண்டது என்று பொருள். ஷேக்ஸ்பியரின் ஃபால்ஸ்டாஃப் தன் மதுக்கோப்பையில் டோஸ்ட் துண்டைப் போட்டுக் கொண்டுவரச் சொல்கிறான். மதுவுக்கு மணமூட்டிய அந்தத் துண்டிலிருந்தே, ஒருவரை வாழ்த்தி அருந்தும் வழக்கத்துக்கும் அப்பெயர் வந்தது. 1782இல் இங்கிலாந்தில் பயணம் செய்த ஜெர்மானியரான கார்ல் ஃபிலிப் மோரிட்ஸ், வெண்ணெய் தடவிய துண்டுகளை முள்கரண்டியில் குத்தி நெருப்பில் வாட்டி அடுக்குவதையும், வெண்ணெய் உருகி அடுக்கு முழுவதும் இறங்குவதையும் வியந்து எழுதினார்.

பழைய ரொட்டிக்கும் டோஸ்ட்டுக்குமான உறவில் அறிவியலும் உண்டு. ஈரம் வற்றுவதால்தான் ரொட்டி விறைக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். 1852இல் பிரெஞ்சு வேதியியலாளர் பூசிங்கோ, ஈரம் வெளியேறாதபடி அடைத்து வைத்தாலும் ரொட்டி விறைப்பதையும், மீண்டும் சூடாக்கினால் இளகுவதையும் காட்டினார். வேகும்போது நீரை உறிஞ்சி நெகிழ்ந்த மாவுச்சத்து, ஆறியபின் மெல்ல மெல்ல மீண்டும் இறுகுகிறது. வெப்பம் அந்த இறுக்கத்தை ஓரளவு தளர்த்துகிறது. மேற்பரப்பு காய்ந்து போதிய சூடேறியதும், சர்க்கரையும் புரதத்தின் கூறுகளும் வினைபுரிந்து பொன்னிறமும் மணமும் தோன்றுகின்றன. இவ்வினையை லூயி காமில் மையார் விவரித்த ஆண்டு 1912. ஈரம் மிகுந்த புத்தம்புது ரொட்டியைவிட ஒருநாள் பழையதே டோஸ்ட்டுக்கு ஏற்றது என்ற பாட்டிமார் அறிவு, இவற்றுக்கெல்லாம் முந்தையது.

போர்க்காலம் இந்த அறிவைச் சட்டமாகவே ஆக்கியது. 1917இல் பிரிட்டனில், சுட்டு 12 மணி நேரம் ஆகாத ரொட்டியை விற்கக்கூடாது என்று ஆணை பிறந்தது. புதிய ரொட்டியை மக்கள் கூடுதலாக உண்பார்கள், பழையதை மெல்லியதாக அரியலாம் என்பதே கணக்கு. அடுத்த போரில், கோதுமை ஏற்றிவந்த கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் வேட்டையாடிய வேளையில், 1942இல் 'தேசிய ரொட்டி' வந்தது. நூறு பங்கு கோதுமையில் 85 பங்கை மாவாக்கிச் சுட்ட அந்தச் சாம்பல்நிற ரொட்டியை மக்கள் விரும்பவில்லை. போர்க்காலத்தில்கூட வராத ரொட்டிப் பங்கீடு, போர் முடிந்த பிறகு 1946 முதல் 1948 வரை நடைமுறையில் இருந்தது.

அந்த நெருக்கடிக் காலத்தில்தான் டோரிஸ் கிராண்ட் என்னும் பெண்மணி வீட்டில் ரொட்டி சுடத் தொடங்கினார். மாவைப் பிசைய வேண்டும் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பின்னர் தெரிந்துகொண்டபோது, பிசையாத ரொட்டியே மேலானதாக இருப்பதைக் கண்டார். 1944இல் நூலாக வந்த அவரது முறை 'கிராண்ட் ரொட்டி' என்றே பெயர்பெற்றது.

வணிக உலகம் எதிர்த்திசையில் நடந்தது. அமெரிக்காவில், ரொட்டி வெந்ததும் தானே மேலெழும்பும் டோஸ்ட்டருக்குச் சார்ல்ஸ் ஸ்ட்ரைட் 1921இல் காப்புரிமை பெற்றார். 1928இல் இயந்திரம் அரிந்த ரொட்டி மிசூரி மாநிலத்தில் விற்பனைக்கு வந்தது. இங்கிலாந்தின் சார்லிவுட் ஆய்வுக்கூடத்தில் 1961இல் உருவான முறையோ, பல மணி நேரப் புளிப்பின் இடத்தில் சில நிமிட அதிவேகப் பிசைதலை வைத்தது. புரதம் குறைந்த உள்நாட்டுக் கோதுமையும் பயன்பட்டது, விலை மலிந்தது. ஏழையின் மேசைக்கு அது செய்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் ஓரிரவு புளிக்காத மாவில் இட்லி வார்த்தால் என்னாகும் என்பதை அறிந்த நமக்கு, அங்கே இழக்கப்பட்டது எது என்று விளக்க வேண்டியதில்லை.

டோஸ்ட்டின் பொருளும் அத்துடன் மாறியது. நல்ல ரொட்டியின் இரண்டாம் பிறவியாக இருந்தது, சுவையற்ற ரொட்டிக்கான பரிகாரமாயிற்று. 1977இல் எலிசபெத் டேவிட், ஆங்கிலேய ரொட்டியைப் பற்றிய தமது பெருநூலில் ஆலை ரொட்டியைக் கடுமையாகச் சாடினார். அதே நூலில் டோஸ்ட்டுக்கென்று தனிப் பகுதியும் ஒதுக்கினார். 2020இல் பெருந்தொற்று வீடுகளை அடைத்தபோது, பிரிட்டனின் கடைகளில் மாவு தீர்ந்துபோகும் அளவுக்கு மக்கள் ரொட்டி சுடத் திரும்பினர்.

கிராண்டின் வழி இன்றும் எளியதே. 500 கிராம் முழுக்கோதுமை மாவு, ஒரு தேக்கரண்டி உப்பு, சிறிது சர்க்கரை, ஒன்றரைத் தேக்கரண்டி உலர் ஈஸ்ட், ஏறத்தாழ 420 மில்லிலிட்டர் வெதுவெதுப்பான நீர். கரண்டியால் கலந்து, எண்ணெய் தடவிய தகரத்தில் இட்டு, மூன்றிலொரு பங்கு உப்பும்வரை மூடிவைத்து, 200 டிகிரியில் 40 நிமிடம் சுடவேண்டும். அடிப்புறத்தைத் தட்டினால் வெற்றுப் பானைபோல் ஒலிக்க வேண்டும்.

அன்றைக்கு ஒரு துண்டு போதும். மிச்சத்தைத் துணியில் சுற்றி வையுங்கள். காத்திருப்பதும் அந்த ரொட்டியின் செய்முறையில் ஒரு பகுதி. மறுநாள் காலை அதை அரிந்து, தணலிலோ தோசைக்கல்லிலோ வாட்டி, வெண்ணெய் உருகி இறங்குவதைப் பாருங்கள். மோரிட்ஸ் வியந்தது விளங்கும்.