1968, லூவன்: ஒரு பல்கலைக்கழகம் அரசைக் கவிழ்த்த ஆண்டு

1968 என்றதும் பாரிஸ் மாணவர் கிளர்ச்சியும், பிராக் நகருக்குள் நுழைந்த சோவியத் பீரங்கி வண்டிகளுமே நினைவுக்கு வருகின்றன. அவ்விரண்டுக்கும் முன்பே, அவ்வாண்டு பிப்ரவரியில், ஒரு பல்கலைக்கழகம் எந்த மொழிக்குரியது என்னும் கேள்வி பெல்ஜிய அரசைக் கவிழ்த்தது.

1425இல் தோன்றிய லூவன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம், பிரஸ்ஸல்ஸுக்குக் கிழக்கே ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில், டச்சு பேசும் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் உள்ளது. பெல்ஜிய மக்களில் பெரும்பான்மையோர் டச்சு மொழியினர். ஆயினும் 1830இல் நாடு விடுதலை பெற்றது முதல் ஆட்சி, நீதிமன்றம், உயர்கல்வி ஆகியவற்றின் மொழியாகப் பிரெஞ்சே கோலோச்சியது. சட்டங்களில் டச்சுக்குச் சமநிலை கிடைத்தது 1898இல். கென்ட் பல்கலைக்கழகம் முழுமையாக டச்சு மொழிக்கு மாறியது 1930இல். 1831ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டத்தினுடைய டச்சு வடிவம் 1967இல்தான் சட்டத் தகுதி பெற்றது.

1962, 1963 ஆண்டுகளின் சட்டங்கள் மொழி எல்லையை நிலையாக வரையறுத்தன. இனி ஒருவர் பேசும் மொழியைக் கொண்டன்றி, அவர் வாழும் நிலத்தைக் கொண்டே ஆட்சிமொழி அமையும். இந்த நெறிப்படி லூவன் டச்சு நிலம். அங்கே பிரெஞ்சுப் பிரிவு முரணாக நின்றது. ஒருகாலத்தில் டச்சு நகராயிருந்த பிரஸ்ஸல்ஸ் பிரெஞ்சுமயமானதை ஃபிளெமிஷ் மக்கள் கண்டிருந்தனர். அந்த ‘எண்ணெய்க் கறை’ லூவன் வரை பரவும் என்னும் அச்சம் வெற்றுக் கற்பனையன்று. 1966 மே மாதத்தில் ஆயர்கள் பல்கலைக்கழகம் பிரியாது என்று அறிவித்தபோது, மொழிச் சினம் திருச்சபையின் அதிகாரத்துக்கு எதிராகவும் திரும்பியது.

1968 ஜனவரியில் பிரெஞ்சுப் பிரிவு லூவனிலேயே விரிவடையும் திட்டத்தை வெளியிட்டது. வீதிகளில் போராட்டம் மூண்டது. பிப்ரவரி 2 அன்று புரூஜ் ஆயர் எமில் டி ஸ்மெட், 1966ஆம் ஆண்டின் முடிவு பிழையென வெளிப்படையாகக் கூறினார். பிப்ரவரி 7 அன்று பால் வாண்டன் போய்னன்ட்ஸ் தலைமையிலான அரசு வீழ்ந்தது. மார்ச் 31 தேர்தலில் ஃபிளெமிஷ் தேசியக் கட்சியான ஃபோல்க்ஸ்யூனி தன் இடங்களை 12இலிருந்து 20ஆக உயர்த்தியது. ஜூனில் காஸ்டன் எய்ஸ்கென்ஸ் அமைத்த அரசு பிரிவினையை ஏற்றது.

‘வலோன்களே வெளியேறுக’ என்பதே வீதியில் ஒலித்த முழக்கம். மொழியியல் நோக்கில் இதில் ஒரு முரண் உண்டு. வலோன் என்பது பிரெஞ்சின் உறவு மொழி. அதுவும் பள்ளியிலும் அலுவலகத்திலும் பிரெஞ்சுக்கு இடம் விட்டுத் தேய்ந்துகொண்டிருந்தது. ஃபிளாண்டர்ஸின் செல்வர் குடும்பங்கள் பலவும் வீட்டிலேயே பிரெஞ்சு பேசின. எனவே மாணவர்கள் எதிர்த்த பிரெஞ்சு, அயல்நிலத்தார் மொழியாக இருந்ததைவிட உயர்வர்க்கத்தின் மொழியாகவே இருந்தது. அவர்களுள் இடதுசாரிகள் இதனை உணர்ந்து, ‘முதலாளிகளே வெளியேறுக’ என்று முழக்கத்தை மாற்றினர். ஆயினும் வரலாற்றில் நிலைத்தது நிலத்தைச் சுட்டிய முழக்கமே.

பிரெஞ்சுப் பிரிவுக்காக மொழி எல்லைக்குத் தெற்கே லூவேன்-லா-நூவ் என்னும் புது நகரமே எழுப்பப்பட்டது; 1971இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1914இலும் 1940இலும் ஜெர்மானியப் படையெடுப்பில் எரிந்து, இருமுறையும் ஒரே நூலகமாக மீண்டெழுந்த லூவன் நூலகம், அமைதிக் காலத்தில் பங்கு போடப்பட்டது. தொகுப்பின் பெரும்பகுதியில் அடுக்கெண் ஒற்றைப்படையாயின் லூவனுக்கு, இரட்டைப்படையாயின் புதிய நகருக்கு.

அவ்வாண்டு பிளவு கட்சிகளுக்குள்ளும் புகுந்தது. கிறித்தவ ஜனநாயகர் 1968இலும், லிபரல்கள் 1972இலும், சோசலிஸ்டுகள் 1978இலும் மொழிவழிப் பிரிந்தனர். 1993இல் பெல்ஜியம் கூட்டாட்சி நாடானது. உள்நாட்டுப் போரின்றி ஒரு மொழிக்கு உரிய இடம் கிடைத்தது. இது சிறிய வெற்றியன்று. ஆனால் அதன் பின்னர் இப்பெருங்கட்சிகளின் தலைவர் எவரும் எல்லைக்கு அப்பாலுள்ள வாக்காளரிடம் பதில் சொல்லத் தேவையில்லாமற் போயிற்று. மொழிக்கு நிலம் கேட்பது நியாயமே. நிலம் கிடைத்தபின் மறுமொழியினரோடு பேசும் கடமையை யார் ஏற்பது என்பதே 1968 விட்டுச்சென்ற வினா.