இரவு 8.11: வலென்சியா எச்சரிக்கையின் வாசகம் குறித்து

2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் வலென்சியா மாகாணத்தின் கைபேசிகளில் வெள்ள எச்சரிக்கை ஒலித்தபோது மணி இரவு 8.11. அவ்வெள்ளம் பற்றி எழுதியோரில் பெரும்பாலோர் இந்த நேரத்தையே தம் வாதத்தின் அச்சாகக் கொண்டுள்ளனர். எச்சரிக்கை இரண்டு மணி நேரம் முந்தியிருந்தால் இருநூற்றுக்கும் மேற்பட்ட இறப்புகளில் பெரும்பகுதியைத் தடுத்திருக்கலாம் என்பது அவர்கள் முடிபு. தாமதம் நேர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இம்முடிபு, அனுப்பப்பட்ட செய்தி சரியானதே என்ற ஒன்றைச் சொல்லாமலே ஏற்றுக்கொள்கிறது. அந்த ஏற்பைத்தான் இக்கட்டுரை மறுக்கிறது.

செய்தியின் சாரம் வருமாறு: கனமழை காரணமாக, முன்னெச்சரிக்கை நடவடிக்கையாக, மாகாணத்தில் எவ்வகைப் பயணத்தையும் தவிர்க்க வேண்டும், மேலும் வரும் அறிவிப்புகளை இதே வழியிலும் குறிப்பிட்ட அதிகாரபூர்வ ஊடகங்களிலும் கவனித்து வர வேண்டும். இவ்வளவே. வெள்ளம் வருகிறது என்று அதில் இல்லை. எந்த ஆறு, எந்த ஊர், எத்தனை மணிக்கு என்பவையும் இல்லை. மேல்தளத்துக்குப் போகச் சொல்லும் ஒரு வரிகூட இல்லை.

மழையைக் காரணமாகக் காட்டியதே முதற்பிழை. அன்று மாகாணத்தின் துரீஸ் ஊரில் 771.8 மி.மீ. மழை கொட்டியது, ஒரு மணி நேரத்தில் மட்டும் 184.6 மி.மீ. ஆனால் உயிரிழப்பு மிகுந்த பைபோர்ட்டாவிலும் அதை அடுத்த ஊர்களிலும் அன்று மாலை சொல்லத்தக்க மழை இல்லை. மேற்கே மலைப்பகுதியில் விழுந்த நீர், ஆண்டில் பெரும்பாலும் வறண்டு கிடக்கும் போயோ காட்டாற்றின் வழியே இறங்கி, காய்ந்த தெருக்களுக்குள் புகுந்தது. சன்னலுக்கு வெளியே தூறல்கூட இல்லாத வீட்டில் ஒருவர் அந்தச் செய்தியைப் படித்து, இது வேறு ஊருக்கு என்று எண்ணியிருந்தால் அவர்மேல் குற்றமில்லை.

இரண்டாவது பிழை இன்னும் கொடியது. சாலைகளில் வாகனங்களோடு அடித்துச் செல்லப்பட்டோர் ஒருபுறம். தரைத்தள வீடுகளிலும் நிலத்தடி வண்டி நிறுத்தங்களிலும் மூழ்கியோர் மறுபுறம். பயணத்தைத் தவிர்க்கச் சொன்னது முதல் வகையினருக்குப் பொருந்தும். தரைத்தளத்தில் அமர்ந்திருந்த முதியவரோ அந்த அறிவுரையை ஏற்கெனவே முழுமையாகப் பின்பற்றிக்கொண்டிருந்தார். காரைக் காப்பாற்ற நிலத்தடிக்கு இறங்கியவரும் தாம் பயணம் போவதாகக் கருதியிருக்க மாட்டார். ஆகவே இதே வாசகத்தை மாலை 6 மணிக்கு அனுப்பியிருந்தால் சாலையில் இறந்தோர் சிலர் பிழைத்திருக்கலாம். வீட்டில் இருந்தோரின் நிலை மாறியிருக்கும் என்று நம்ப இடமில்லை.

இறந்தோரில் மிகுதியோர் 8.11க்கு முன்பே இறந்துவிட்டனரே என்ற எதிர்வாதம் வலுவானது. இவ்வெள்ள இறப்புகள் குறித்த வழக்கை விசாரிக்கும் கட்டரோஹா நீதிமன்றமும் அப்படியே கருதுகிறது. ஆனால் அதே நீதிமன்றம், எச்சரிக்கை தாமதமானது மட்டுமன்று, உள்ளடக்கத்திலும் பிழையானது என்று கூறியிருக்கிறது. முன்பாதிக்குக் கிடைத்த கவனம் இந்தப் பின்பாதிக்குக் கிடைக்கவில்லை.

வாசகம் ஏன் இப்படி அமைந்தது? நண்பகலில் போயோவில் விநாடிக்கு 264 கன மீட்டர் ஓடியது. மாலை 4 மணிக்குச் சற்றுப் பின் அது 30க்கும் கீழே இறங்கிவிட்டதாக அவசரகால அதிகாரிகளுக்குத் தகவல் போனது. 6.43க்கு வந்த அடுத்த மின்னஞ்சலில் 1,686; 6.55க்குப் பதிவான கடைசி அளவு 2,282. அதன்பின் அளவுகருவியே அடித்துச் செல்லப்பட்டது. மாலை 5 மணிக்குக் கூடிய அவசரகால ஒருங்கிணைப்புக் குழுவின் அச்சமோ மக்ரோ ஆற்றின் ஃபொராட்டா அணை உடைந்துவிடுமோ என்பதில் இருந்தது. கவனம் வேறோர் ஆற்றில் இருந்தபோது எழுதப்பட்டதால்தான் செய்தி எந்த ஆற்றையும் பெயரிடவில்லை போலும். இது அனுமானமே; ஆயினும் நிகழ்வு வரிசை இதனையே சுட்டுகிறது.

எச்சரிக்கை என்பது இடர், இடம், காலம், செயல், அனுப்புநர் ஐந்தையும் சொல்ல வேண்டும் என்று பேரிடர் ஆய்வாளர்களான மிலெட்டியும் சோரன்சனும் 1990லேயே வரையறுத்தனர். அதற்கும் முன்னர், 1976இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் பிக் தாம்சன் பள்ளத்தாக்கில் 144 பேரைக் கொன்ற திடீர் வெள்ளத்தை ஆராய்ந்த ஈவ் கிரண்ட்ஃபெஸ்ட், காரில் தப்ப முயன்றோரைவிடப் பள்ளத்தாக்கின் சரிவில் ஏறியோரே மிகுதியும் பிழைத்ததைக் காட்டினார். அம்மாநிலத்துப் பள்ளத்தாக்குச் சாலைகளில் இன்று நிற்கும் பலகைகள், வெள்ளம் வந்தால் மேலே ஏறுங்கள் என்று செயலையே கட்டளையாகச் சொல்கின்றன.

விவரமாகச் சொன்னால் மக்கள் பீதியடைவர் என்ற வாதத்தைப் பேரிடர் ஆய்வுகள் எப்போதோ தள்ளிவிட்டன. அதை இங்கு மீண்டும் எடுக்க வேண்டியதில்லை. இடம் போதாது என்பதும் நிற்காது. 'மேல்தளத்துக்கு ஏறுங்கள், வண்டி நிறுத்தத்துக்கு இறங்காதீர்கள்' என்பது, எந்த ஊடகங்களைப் பின்தொடர வேண்டும் என்று அச்செய்தி செலவிட்ட வரியைவிட நீளமன்று. எச்சரிக்கையைச் செயலாக மாற்றுவதும் இயலாத காரியமல்ல: வானிலை முன்னெச்சரிக்கையை மட்டுமே கொண்டு வலென்சியா பல்கலைக்கழகம் அன்றைய வகுப்புகளை நிறுத்தியிருந்தது.

தாமதத்துக்குப் பொறுப்பானவர் யார் என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். பைபோர்ட்டாவின் தரைத்தள வீடுகளில் இருந்தோருக்கு அச்செய்தி எந்த மணிக்கு வந்திருந்தாலும் எச்சரிக்கையாக ஆகியிருக்காது என்பதே என் முடிபு.