துணிக்காரர் எழுதிய நாள்வழி

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் போர்க்கதையாகவும் அரசியல் கதையாகவும் படிப்பவர்கள் அதிகம். நான் அதை ஒரு துணி வியாபாரியின் நாள்வழியாகப் படிக்கிறேன். இளம்பிள்ளையில் சேலை மொத்தக் கடையில் கணக்கு எழுதுவது என் தொழில். பாவு கொடுத்த தேதி, கூலியில் கழித்த முன்பணம், தறியிலிருந்து வந்த உருப்படி என்று எழுதிப் பழகியவன் கண்ணில் அந்தப் பக்கங்களில் முதலில் படுவது சரக்கும் பணமும்தான்.

பிள்ளை 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். தகப்பனார் திருவேங்கடம் பிள்ளை வியாபாரத்துக்காகப் பாண்டிச்சேரிக்குக் குடிபெயர்ந்தார். பிரெஞ்சுக் கம்பெனிக்காகப் பரங்கிப்பேட்டையில் நீலத்துணி வேலையைக் கவனித்ததில்தான் இளைஞரான ரங்கப்பிள்ளையின் கை தேர்ந்தது. 1736 செப்டம்பர் 6இல் எழுதத் தொடங்கினார். கப்பல் வந்தது, பீரங்கி எத்தனை முறை வெடித்தது, கவர்னர் யாரிடம் முகம் கொடுத்துப் பேசினார், யாரைத் திட்டினார், எல்லாமே இருக்கிறது. எழுத்து நடை பேச்சுத் தமிழ். கடைத்திண்ணையில் உட்கார்ந்து சொல்வது மாதிரி வருகிறது.

அந்தத் துணி வியாபாரம் எங்களுக்குப் புதிதல்ல. சீமையிலிருந்து கப்பலில் வெள்ளி வரும். பாண்டிச்சேரியிலேயே ரூபாய் அடிக்கும் உரிமை 1736இல் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலியிடமிருந்து கிடைத்தது. கம்பெனி வியாபாரிக்கு முன்பணம் கொடுக்கும், அவர் உள்நாட்டு நெசவாளருக்குக் கொடுப்பார். துணி வந்தால் தரம் பிரித்துக் கட்டு கட்டுவார்கள். கடலில் போர் மூண்டு கப்பல் நின்றால், தறியும் நின்றுவிடும். பிள்ளை கப்பலை இவ்வளவு கவலையோடு எதிர்பார்த்ததன் காரணம் இதுவே.

கம்பெனியின் தலைமைத் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமான கனகராய முதலியார் 1746இல் இறந்தார். அவர் கிறிஸ்தவர், அடுத்தவரும் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்று இயேசு சபைப் பாதிரிமார் வற்புறுத்தினார்கள். பிள்ளை மதம் மாறவில்லை. ஆனாலும் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேக்ஸ் 1747இல் அந்த இடத்தை அவருக்கே கொடுத்தார். பதவி கிடைத்த பிறகுதான் சோதனை. டூப்ளேக்ஸின் மனைவிக்கும் அவருக்கும் ஒத்துப்போகவே இல்லை. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்த நேரம், வேதபுரீசுவரர் கோயிலைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள். கவர்னருக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்த ஓர் இந்து அதிகாரியால் அதைத் தடுக்க முடியவில்லை. அந்த நாட்களின் பக்கங்களில் வேதனையும் கோபமும் இருக்கின்றன. யார்மேல் பழி என்று தேடுவதும் இருக்கிறது. பதவியை விட்டு எழுந்திருக்கக் கூடாதா என்று எனக்குப் படிக்கும்போதெல்லாம் தோன்றும். அவர் எழவில்லை. எழுந்திருந்தால் இந்த எழுத்து நமக்குக் கிடைத்திருக்காது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் மனம் ஒப்பவில்லை.

ஹைதராபாத் நிஜாம் பதவிக்குப் போட்டியிட்ட முசாபர் ஜங் கொடுத்த மன்சப் என்ற மொகலாயப் பட்டம், பல்லக்கு, மரியாதை எல்லாம் அவர் விரும்பி எழுதிய விஷயங்கள். 1754இல் டூப்ளேக்ஸைத் திருப்பி அழைத்தார்கள். பிள்ளையின் செல்வாக்கும் கரைந்தது, 1756இல் பதவி போனது. உடம்பு முடியாத நிலையிலும் குறிப்பு எழுதுவதை அவர் கைவிடவில்லை. 1761 ஜனவரியில், பாண்டிச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்த அதே மாதத்தில் இறந்தார்.

அதன் பிறகு பிரெஞ்சுக்காரரான கால்வா மொம்ப்ரன் 1846இல் கண்டெடுக்கும் வரை அந்த ஏடுகளை உலகம் அறியாது. சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. பிரபஞ்சனின் ‘வானம் வசப்படும்’ நாவல் இந்த நாட்குறிப்பிலிருந்தே பிறந்தது.

பிள்ளைமேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வியாபாரிகளும் துரைமார்களும் அவர் எழுத்தில் பேரோடு நடமாடுகிறார்கள். பாவு பூட்டி நெய்தவர்கள் பெரும்பாலும் நெசவாளர் என்ற மொத்தக் கணக்கில் வந்துபோகிறார்கள். எங்கள் கடை நாள்வழியில் ஒவ்வொரு தறிக்காரர் பேரையும் தகப்பன் பேரோடு சேர்த்து எழுதுகிறேன்.